நார்வேஜிய எண்ணெய்த் துரப்பணச் சொற்களை ஆங்கிலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969-இல் கண்டறியப்பட்ட காலத்தில், கடலடியில் துளையிடும் தொழிலை நார்வேக்குக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்க நிறுவனத்தாரே முன்னணியில் இருந்தனர். கருவிகளோடு சொற்களும் ஆங்கிலத்திலேயே வந்து இறங்கின. இன்று நார்வேஜிய ஆவணங்களில் காணும் சொற்களில் பல, பிற்பாடு அந்த ஆங்கிலச் சொற்களைப் பார்த்து ஆக்கப்பட்டவை. ஆகவே இத்துறையில் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் புதுச் சொல் படைக்க வேண்டியதில்லை. தொழிலில் ஏற்கெனவே வழங்கும் சொல்லைத் தேடி எடுத்தால் போதும். பொது அகராதியை மட்டும் நம்புகிறவர் இங்கேதான் வழுக்குகிறார். ‘ஊத்ப்ளோஸ்னிங்ஸ்சிக்ரிங்’ என்பதன் பின்பாதிக்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று மின்சார ஃபியூஸ். அதை எடுத்துப் ‘பிளோஅவுட் ஃபியூஸ்’ என்று எழுதினால் துரப்பண மேடையில் எவருக்கும் விளங்காது. கிணற்றிலிருந்து எண்ணெயும் வாயுவும் கட்டுக்கடங்காமல் பீறிடுவதைத் தடுக்கும் அந்தக் கருவியின் பெயர் ‘பிளோஅவுட் பிரிவென்டர்’.

‘ரோர்’ என்று முடியும் சொற்களையெல்லாம் ‘பைப்’ என்று எழுதிவிடுவது இன்னொரு பிழை. ‘ஃபோரிங்ஸ்ரோர்’ என்பது நம் ஊர் போர்வெல்காரரும் சொல்லும் கேசிங். ‘ஃபோர்லெங்னிங்ஸ்ரோர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நீட்டிப்புக் குழாய்’ என்றாகும். ஆனால் அது கிணற்றின் மேல்முனை வரை எட்டாமல், மேலுள்ள கேசிங்கின் அடிப்பகுதியிலிருந்து தொங்கவிடப்படும் ‘லைனர்’. ‘ஸ்தீகெரோர்’ என்பது கடற்படுகையிலிருந்து மேடைக்கு ஏறும் ‘ரைசர்’. மூன்றுக்கும் பணி வேறு, அமையும் இடம் வேறு.

என் கணிப்பில் மிகுதியாகக் குழப்புபவை உரிமங்களும் கிணற்று வகைகளுமே. ‘லேத்தெப்ரொன்’ என்பது ‘எக்ஸ்ப்ளொரேஷன் வெல்’ என்னும் பொதுப்பெயர். அதன் கீழ் இரு வகைகள் உண்டு: புதிய இடத்தில் எண்ணெய் உண்டா என்று பார்க்கத் தோண்டும் ‘உன்னர்சோக்கெல்செஸ்ப்ரொன்’, அதாவது ‘வைல்ட்கேட் வெல்’; கண்டறிந்த படிவின் பரப்பையும் அளவையும் அறியத் தோண்டும் ‘ஆவ்கிரென்ஸ்னிங்ஸ்ப்ரொன்’, அதாவது ‘அப்ரைசல் வெல்’. முதல் வகையையும் ‘எக்ஸ்ப்ளொரேஷன் வெல்’ என்றே எழுதிவிட்டால், வகையும் அதன் உட்பிரிவும் ஒன்றாகிப் பட்டியலே குலைந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அதே ‘உன்னர்சோக்கெல்செ’ உரிமத்தின் பெயரில் வரும்போது மட்டும் ‘எக்ஸ்ப்ளொரேஷன் லைசென்ஸ்’ என்றுதான் ஆகும், அந்த உரிமமோ வைத்திருப்பவருக்குத் தனியுரிமை எதையும் தருவதில்லை. தேடவும், தேடித் துளையிடவும், எண்ணெய் எடுக்கவும் தனியுரிமை தருவது ‘ஊத்வின்னிங்ஸ்தில்லாதெல்செ’; அதன் நிலைத்த ஆங்கிலப் பெயர் ‘புரொடக்‌ஷன் லைசென்ஸ்’. அதை ‘எக்ஸ்ட்ராக்‌ஷன் பெர்மிட்’ என்று எழுதினால், படிப்பவர் அதைச் சட்டத்தில் இல்லாத வேறோர் ஆவணம் என்று கருதக்கூடும்.

தொழிற்சொற்களைவிட, எளிதாகத் தோன்றும் வினைச்சொற்கள் ஆபத்தானவை. ‘கொன்த்ரொலேரெ’ என்பது பெரும்பாலும் ‘சரிபார்’ என்றே பொருள்படும். அழுத்தச் சோதனைக்கு முன் வால்வைச் சரிபார்க்கச் சொல்லும் அறிவுரை, ‘கன்ட்ரோல் தி வால்வ்’ என்று மாறினால், வால்வை இயக்கு என்று எவரேனும் புரிந்துகொள்ள இடமுண்டு. ஆனால் ‘ப்ரொன்கொன்த்ரொல்’ என்ற கூட்டுச்சொல்லில் அதே வேர் உண்மையாகவே ‘வெல் கன்ட்ரோல்’தான், அதாவது கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது; இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ‘எவெந்துவெல்’ என்பதும், ‘இறுதியில் நேரும்’ என்று பொருள்படும் ஆங்கிலத்தின் ‘ஈவென்சுவல்’ அன்று. ‘இருந்தால், நேர்ந்தால்’ என்பதே அதன் பொருள். ‘ஸ்கால்’ என்பது விதிமுறைகளில் கட்டாயத்தைக் குறிப்பதால் ‘ஷால்’ என்றும், ‘போர்’ பரிந்துரையைக் குறிப்பதால் ‘ஷுட்’ என்றும் வர வேண்டும். ஆனால் கிணறு அடுத்த ஆண்டு தோண்டப்படும் என்னும் சாதாரணச் செய்தியிலும் ‘ஸ்கால்’ வரும், அங்கே ‘ஷால்’ போட்டால் இல்லாத கடமை ஒன்று முளைத்துவிடும்.

எண்களில் நார்வேஜியர் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவர். 1,25 என்பது 1.25. ‘மில்லியார்த்’ நூறு கோடி, அதாவது ஆங்கிலத்தின் பில்லியன். அவர்களுடைய ‘பில்லியூன்’ ஒரு லட்சம் கோடி, அதாவது டிரில்லியன். கிணற்றின் பெயரைத் தொடவே கூடாது: ஜோஹன் ஸ்வெர்ட்ரூப் என்னும் எண்ணெய் வயலைக் கண்டறிந்த 16/2-6 கிணற்றின் பெயரைத் தேதி என்று எண்ணி மென்பொருள் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 தொடக்கத்தில் நார்வே அரசின் பெட்ரோலிய இயக்குநரகத்தின் ஆங்கிலப் பெயர் ‘நார்வீஜியன் ஆஃப்ஷோர் டைரக்டரேட்’ என்று மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஆவணங்களில் ‘நார்வீஜியன் பெட்ரோலியம் டைரக்டரேட்’ என்ற பழைய பெயரையே வைத்திருப்பது முறை.