தொழில்முறைக் குழுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலை வாய்ப்பைப் பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் கிடைக்கிறது என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எடுத்துக்காட்டினார். அத்தகைய அறிமுகங்களைத் தருபவை தொழில்முறைக் குழுக்கள்.

நீங்கள் அடைய விரும்பும் பதவியில் இப்போது இருப்பவர்களின் லிங்க்ட்இன் பக்கங்களைத் திறந்து, அவர்கள் எந்தெந்தச் சங்கங்களில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தேடுவதைவிட இதுவே நம்பகமான வழி. மின், மின்னணுப் பொறியாளர்களுக்கு ஐஇஇஇ (IEEE), திட்ட மேலாளர்களுக்கு பிஎம்ஐ (PMI) போன்ற அமைப்புகளுக்குப் பல நாடுகளில் கிளைகள் உள்ளன.

சந்தா கட்டுவதற்கு முன், முடிந்தால் ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகச் செல்லுங்கள். அங்கே புதியவரிடம் யாராவது நின்று பேசுகிறார்களா, விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களா என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால், உறுப்பினர் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். சேர்ந்த பின், வரவேற்பு மேசையில் பெயர் பதியும் சிறு பொறுப்பையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவரும் உங்களிடம் பேசிவிட்டே உள்ளே செல்வார்கள்.