பழைய பேனா நிப்பின் குறிகளைப் படிக்கும் முறை

கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகள் திருநெல்வேலிச் சீமையின் வீடுகள் பலவற்றில் இன்னும் மச்சில் கிடக்கின்றன. அவற்றுள் கிரயப் பத்திரங்களுக்கு நடுவே மை உறைந்த பேனா ஒன்று அகப்பட்டால், மூடியிலுள்ள பெயரைக் கண்டு மதிப்பிடுவதற்கு முன் நிப்பைப் படிப்பது நல்லது. நிப் தேய்ந்தால் கிடைத்ததைப் பொருத்திக்கொள்வது அக்கால வழக்கமாதலால், உடல் ஒரு கம்பெனியுடையதாகவும் நிப் வேறொன்றினுடையதாகவும் இருப்பது அரிதன்று.

முதலில் நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். வெந்நீர், பேனா உடல் செய்யப் பயன்பட்ட கெட்டி ரப்பரான எபனைட்டின் நிறத்தைக் கெடுக்கும்; பழைய வகைப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டை வளைத்துவிடும். குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தால் முலாமும் போகும், அதனுடன் மெல்லிய எழுத்துகளும் போகும். குறிகளுள் சில, நிப் செருகியிருக்கும் பேனாக் கழுத்துக்குள் மறைந்திருக்கக்கூடும் என்றாலும், அவற்றைக் காண்பதற்காக இடுக்கியால் இழுத்து நிப்பைக் கோணலாக்க வேண்டாம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்துவது போன்ற பத்து மடங்கு கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெயிலும் போதும். பேனாவை மெல்லத் திருப்பும்போது ஏதேனும் ஒரு கோணத்தில் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

எண்களில்தான் குழப்பம் அதிகம். 585 என்பது 14 காரட், 750 என்பது 18 காரட். இவை ஆயிரத்தில் தங்கத்தின் பங்கைக் குறிக்கின்றன. மான்ட்பிளாங்க் நிப்பிலுள்ள 4810 வரிசை எண்ணன்று, அக்கம்பெனி பெயர் பெற்ற மலையின் உயரம் மீட்டரில். எஸ்டர்புரூக் கம்பெனியின் நிப்பில் 2668, 9668 என்பன போன்ற நான்கிலக்க எண்கள் இருக்கும். பின் மூன்று இலக்கங்கள் நிப்பின் வகையைச் சொல்ல, முதலில் நிற்கும் 9 முனையில் கடின உலோகம் பதித்த உயர்தரத்தைக் காட்டும். ஜப்பானின் பைலட் கம்பெனி நிப்பில் 'எச் 277' என்றிருந்தால், ஹிரட்சுகா தொழிற்சாலையில் 1977 பிப்ரவரியில் செய்தது என்று கொள்ளலாம். அது நிப்பின் வயது மட்டுமே, பேனாவின் வயதன்று.

எழுத்துக் குறிகளில் நானே ஏமாந்தது 'சி.என்.' என்பதில். சீனா என்று நினைத்து, ஜெர்மன் கம்பெனியான பெலிக்கானின் பழைய பேனா ஒன்றை அலட்சியமாக ஒதுக்கி வைத்திருந்தேன். 1938-இல் ஜெர்மனியில் நிப்புக்குத் தங்கம் பயன்படுத்தத் தடை வந்தபின் செய்த குரோம்-நிக்கல் நிப் அது என்பதைப் பிறகே அறிந்தேன். கழுகுத்தலை முத்திரை பிரான்சின் 18 காரட் தங்கத்துக்குரியது. 'வாரண்டட் 14 கே' என்று மட்டும் இருந்து கம்பெனிப் பெயர் இல்லையெனில், அது பல பேனாக்களுக்கும் பொதுவாக விற்கப்பட்ட நிப். 'ஐரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்பதை நம்பி ஜெர்மன் சரக்கு என்று விலை கொடுக்க வேண்டாம்.

குறியே தேய்ந்து போயிருந்தால் காந்தத்தை அருகில் காட்டிப் பார்க்கலாம். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் தங்கம் என்று துள்ளிவிடக் கூடாது, காந்தத்தில் ஒட்டாத எஃகும் உண்டு. ஆசாரியிடம் கொண்டு சென்று உரைகல்லில் உரசச் சொல்வதும் வீண். முலாம் பூசிய நிப்பும் அங்கே முதல் உரசலில் தங்கமாகவே தெரியும், இரண்டாம் உரசலில் நிப்பில் கீறல்தான் மிஞ்சும்.