ஒருவர் உண்மையில் சுவாசிக்கும் மாசை அளப்பது எப்படி: மும்பைக்கான செய்முறை

சயானில் இருக்கும் கண்காணிப்பு நிலையம் சயான் காற்றைச் சொல்லும். கொஞ்ச தூரத்தில், தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் விடிகாலையிலேயே இட்லி அவிக்க உட்காரும் அம்மாவின் மூக்குக்குள் போவது என்ன என்று அதற்குத் தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980களின் முதல் பாதியில் நடத்திய 'டீம்' ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. நியூஜெர்சியில் ரசாயன ஆலைகளை ஒட்டிக் குடியிருந்தவர்களிடம்கூட, உடம்பில் மாட்டிய கருவியில் பதிவான ரசாயன ஆவி வெளிக்காற்றில் இருந்ததைவிட அதிகம். ஆளுக்கு மாட்டித்தான் அளக்க வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது இதனால்தான்.

முதலில் எதை அளக்கப் போகிறீர்கள்?

கருவி வாங்குவதற்கு முன் மாசைத் தீர்மானியுங்கள். புகை, வண்டிப் புகை, ஊதுவத்தி, கொசுவத்தி என்றால் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனத் தொட்டிகளும் சூழ்ந்த மாஹுல், செம்பூர் பக்கம் கவலை என்றால் பென்சீன் என்ற நச்சு ஆவி. பெரிய ரோட்டை ஒட்டிய வீடு என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு. மூடிய அறையில் விறகோ கரியோ எரிகிறது என்றால் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய உலோகம் உருக்கும் பட்டறை என்றால் துகளை ஃபில்டரில் பிடித்து அதிலிருக்கும் ஈயத்தை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே டப்பா அளக்கும் என்று விற்கப்படும் மலிவுக் கருவிகளை நம்ப வேண்டாம். அவற்றில் 'விஓசி' (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) என்று காட்டும் எண் பென்சீனுக்கு எந்த வகையிலும் உதவாது. அந்த உலோக ஆக்சைடு சென்சார் சானிடைசருக்கும் ஏறும், சென்ட்டுக்கும் ஏறும். எதனால் ஏறியது என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

துகள்: பம்ப்பும் ஃபில்டரும்

நம்பகமான வழி இன்னும் இதுதான். இடுப்பில் ஒரு சின்ன பம்ப். தோளில் ஏறும் குழாய். காலர் எலும்புப் பக்கம், பெரிய தூசியைப் பிரித்து ஒதுக்கும் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பிரிப்பது) அல்லது இம்பாக்டர் (தட்டில் மோதவிட்டுப் பிரிப்பது). அதற்குள் 37 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டர். காற்று நுழையும் வாய் மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சேலை கட்டுபவர்களுக்கு முந்தானை அதன்மேல் விழாதபடி எதிர்த் தோளில் குத்துங்கள். மூடிவிட்டால் ஃபில்டரில் சேர்வது துணியின் நூல்தூசிதான்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது சைக்ளோனைப் பொறுத்தது. அதன் தயாரிப்பாளர் சொன்ன வேகத்தைவிடக் குறைவாக இழுத்தால் பெரிய தூசியும் உள்ளே போகும். கூடுதலாக இழுத்தால் பிடிக்க வேண்டிய துகளும் வெளியே தள்ளப்படும். பம்ப்பின் திரையில் தெரியும் எண் போதாது. ஃபில்டர் உட்பட முழுத் தொடரையும் மாட்டி, வாயில் ஃப்ளோ மீட்டர் வைத்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது. குழாய் மடங்கியிருக்கும், அல்லது பேட்டரி இறங்கியிருக்கும். இம்பாக்டர் என்றால் ஒவ்வொரு முறையும் தட்டைத் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் தடவ வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளில் கரடுமுரடான தூசி அதிகம். காய்ந்த தட்டில் பட்டுத் துள்ளி அது ஃபில்டருக்கே போய்விடும்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வேகத்தில் 24 மணி நேரம் ஓடினால் 2,880 லிட்டர், அதாவது 2.88 கன மீட்டர். ஃபில்டரின் எடை 200 மைக்ரோகிராம் கூடியிருக்கிறது, ஒப்பிட எடுத்துப் போன, பம்ப் ஓட்டாத வெறும் ஃபில்டர்கள் சராசரி 8 மைக்ரோகிராம் கூடியிருக்கின்றன என்றால் 192ஐ 2.88ஆல் வகுக்க வேண்டும்: கன மீட்டருக்கு 67 மைக்ரோகிராம். இந்தியத் தரம் 24 மணி நேரத்துக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

அந்த வெறும் ஃபில்டர்களைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். பத்துக்கு ஒன்றாவது எடுத்துப் போய், வீட்டில் திறந்து, பம்ப் ஓட்டாமல் மூடிக் கொண்டுவர வேண்டும். அவற்றின் எடை ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்பதே உங்கள் அளவின் எல்லை. அந்தத் திட்ட விலக்கம் 5 மைக்ரோகிராம் என்றால், அதன் மூன்று மடங்கான 15க்குக் கீழே எதையும் நம்ப முடியாது. 24 மணி நேர மாதிரியில் அது கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். எட்டு மணி நேர மாதிரியில் ஏறக்குறைய 16. நேரத்தைச் சுருக்கினால் எல்லை உயர்கிறது.

எடை போடும் இடம் மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு வைத்திருக்க வேண்டும். ஃபில்டரை முன்னும் பின்னும் ஒரே வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் குறைந்தது 24 மணி நேரம் வைத்து, நிலைமின்னேற்றத்தை நீக்கிய பிறகே எடை போட வேண்டும். நீக்காவிட்டால் டெஃப்லான் தராசில் ஆட்டம் காட்டும். இந்த வசதி இல்லாத ஆய்வகத்துக்கு எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

துகள்: சென்சார்

ஃபில்டர் ஒரு நாளுக்கு ஒரு எண் தரும். எந்த மணியில் ஏறியது என்று தெரிய பிளான்டவர் பிஎம்எஸ் 5003, சென்சிரியான் எஸ்பிஎஸ் 30 போன்ற லேசர் சென்சார் வேண்டும். கூடவே ஈரப்பதமும் வெப்பமும் பதியும் சென்சார் கட்டாயம். அது இல்லாமல் மும்பையில் துகள் எண்ணுக்கு அர்த்தமில்லை.

லேசர் சென்சார் துகளை எடை போடுவதில்லை, அது சிதறும் ஒளியைப் பார்க்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதும், எண்ணும் ஊதும். சமையலறையில் இது இன்னும் மோசம். இட்லிப் பானையின் மூடியைத் திறந்த நொடியில் வரும் ஆவித் துளியை சென்சார் புகை என்றே எண்ணி நூற்றுக்கணக்கில் காட்டும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஆவியென்றால் ஈரப்பதமும் கூடவே குதிக்கும், துகள் எண் ஓரிரு நிமிடத்தில் விழுந்துவிடும். மிளகாய் தாளித்த புகையோ விறகுப் புகையோ என்றால் ஈரப்பதம் அவ்வளவு அசையாது, எண் இறங்க நெடுநேரம் பிடிக்கும். எந்த உச்சத்தை ஒதுக்குவது என்ற விதியை அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்தபின் விதி போட்டால் அது விதியாகாது.

வாங்கிய சென்சாரை அப்படியே ஆளிடம் கொடுக்கக் கூடாது. அனுமதி பெற்று, ஒரு கண்காணிப்பு நிலையத்தின் உறிஞ்சுவாய்க்குப் பக்கத்தில் அதே உயரத்தில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். மணிச் சராசரிகளை நிலையத்தின் எண்ணோடு வைத்து, ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு திருத்தச் சமன்பாடு போடுங்கள். மழைக்காலச் சமன்பாடு ஜனவரிக்கு உதவாது. பருவத்துக்கு ஒன்று வேண்டும். தெருக்காற்றுக்குப் போட்ட சமன்பாடு ஊதுவத்திப் புகைக்கும் பொருந்தாது, ஏனென்றால் துகளின் அளவும் ஒளி சிதறும் விதமும் வேறு. அதனால்தான் நாலு பேருக்கு ஒருவருக்காவது சென்சாரோடு ஃபில்டரையும் மாட்ட வேண்டும்.

அடிக்கடி கோளாறு தருபவை இரண்டு. சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணித் தானே அணைந்துவிடும்; ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஸ் 30 வாரத்துக்கு ஒரு முறை தன் விசிறியைத் தானே சுத்தம் செய்யும், ஆனால் இடையில் அணைத்தால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தினமும் அணைத்துப் போடுபவர்கள் வாரம் ஒரு முறை கட்டளை கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பென்சீன்: பேட்ஜ்

இதற்குப் பம்ப் வேண்டாம். கரி வைத்த பேட்ஜை சட்டையில் குத்தினால் ஆவி தானே பரவி உள்ளே போகும். பரவும் வேகம் தயாரிப்பாளர் தருவது. 3எம் 3500 பேட்ஜில் பென்சீனுக்கு நிமிடத்துக்கு 35.5 மில்லிலிட்டர். 24 மணி நேரத்தில் 51 லிட்டர், அதாவது 0.051 கன மீட்டர். ஆய்வகம் அரை மைக்ரோகிராம் பென்சீன் என்று சொன்னால் கன மீட்டருக்கு 9.8 மைக்ரோகிராம். அரை மைக்ரோகிராம் சின்ன அளவு என்பதால் 48 மணி நேரம் மாட்டுவதே பாதுகாப்பு. இந்தியத் தரம் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அது ஓராண்டு முழுவதன் சராசரி; இரண்டு நாள் எண்ணை அதோடு நேராக ஒப்பிட்டு 'தரத்தை மீறியது' என்று எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். பருவம்தோறும் திரும்ப அளந்தபின் எழுதுங்கள்.

பேட்ஜைத் திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் நிமிடக் கணக்கில் குறியுங்கள். துணிக்கடியில் போனாலோ காற்றே அசையாத அலமாரியில் வைத்தாலோ குறைவாகக் காட்டும். மூடியதும் இறுக்கமான டப்பாவில், குளிர்ச்சியாக. ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. திறக்காத பேட்ஜ் ஒன்றும் கூடவே போய் வரட்டும்.

பென்சீன் உடம்பில் மாறி உண்டாகும் மியூகானிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்த்தால் போதுமே என்பார்கள். ஊறுகாய், சாஸ் வகைகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோர்பிக் அமிலமும் உடம்பில் அதே பொருளாக மாறும். குறைந்த அளவு பென்சீனுக்கு அந்தச் சோதனை குழப்பத்தையே தரும்.

நாட்குறிப்பு

கருவிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டும். எண் எங்கே ஏறியது என்று கருவி சொல்லும், ஏன் என்று ஆள்தான் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாள் கொடுங்கள்: இடம், அடுப்பு, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி, பக்கத்தில் யாராவது பீடி பிடித்தார்களா, ஜன்னல் திறந்ததா. எழுத நேரமில்லாதவர்களிடம் மறுநாள் வரைபடத்தைக் காட்டியே கேளுங்கள்: "அக்கா, நேத்து ஏழு மணிக்கு இது ஏறியிருக்கு பாருங்க, அப்ப வீட்ல என்ன நடந்துச்சு?" கொசுவத்தி, சாம்பிராணி இரண்டையும் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், அவை மாசு என்று தோன்றுவதே இல்லை.

குளிக்கும்போது கழற்றி அதே வீட்டில் ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். தூங்கும்போது தலையணைப் பக்கம். லோக்கல் ரயிலில் பையை மேல் ரேக்கில் வைக்கக் கூடாது, மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டியிருந்தார்களா என்று தெரிய ஒரு அசைவு சென்சார் சேர்ப்பது நல்லது. மணிக்கணக்கில் அசைவே இல்லை, ஆனால் குறிப்பில் மார்க்கெட் என்று இருந்தால் கருவி ஆணியில் தொங்கியிருக்கிறது.

பிறகு நேரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, துகள் அளவு கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்: சமையல் 3 மணி நேரம் 150, பயணம் 2 மணி நேரம் 90, வேலை 9 மணி நேரம் 70, வீடும் தூக்கமும் 10 மணி நேரம் 50. மொத்தம் 1,760, அதை 24ஆல் வகுத்தால் 73. நாளில் எட்டில் ஒரு பங்கே ஆன சமையல், மாசில் நாலில் ஒரு பங்கைத் தருகிறது. எதை மாற்றினால் பலன் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

ஒருவருக்கு ஒரு நாள் போதாது. ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள், அதுவும் பனிக்காலத்தில் ஒரு முறை, மழையில் ஒரு முறை. ஜிபிஎஸ் பதிவு செய்தால் அது யார் கைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முடிவை அவரவர் கையில், தமிழில், ஒரே தாளில் கொடுங்கள். சமைக்கிறவர் மேல் குற்றம் போல எழுதக் கூடாது. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல் இருப்பது அவர் செய்த தவறில்லை.

அடுப்பை மாற்றியோ எக்சாஸ்ட் விசிறி வைத்தோ பார்ப்பதாக இருந்தால், அதே பருவத்தில் முன்னும் பின்னும் அளந்து, எதையும் மாற்றாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கும் அதே நாட்களில் மாட்டுங்கள். கடல் காற்று வலுத்ததால் எண் இறங்கியதா, விசிறியால் இறங்கியதா என்று அப்போதுதான் பிரிக்க முடியும்.