மருந்துச்சீட்டு ஆய்வில் கணக்கு ஒத்துவந்த விதம்

ஃபார்ம்.டி. (மருந்தியல் பட்டப்படிப்பு) மாணவர்களுக்கு ஆய்வுமுறை கற்பிக்கையில், ஒரே மருந்துச்சீட்டுக் கட்டிலிருந்து அவர்கள் ஆளுக்கொரு சராசரியைக் கொண்டுவந்தது எனக்குப் பெருங்கவலை அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 1993-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு நோயாளிக்கு ஒரு வருகையில் எழுதப்படும் மருந்துகளின் சராசரியை அவர்கள் கணக்கிட வேண்டியிருந்தது. அருகில் அமர்ந்து சீட்டுகளைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது: அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் இரண்டாகவும் எண்ணியிருந்தார், கையேடோ கூட்டு மருந்தை ஒன்றாகவே கொள்கிறது.

அதன்பின், தரவு சேகரிக்கும் முன்பே எண்ணும் விதிகளை எழுதவைத்து, இருவர் ஒரே சீட்டுகளைத் தனித்தனியே பதிந்து, வேறுபட்ட இடங்களை என் முன்னிலையில் விவாதிக்கச் செய்தேன். புள்ளியியல் மென்பொருளைவிட இந்த விவாதமே ஆய்வுப் பயிற்சிக்கு உயிர் என்று உறுதியாகக் கருதுகிறேன். களிம்பையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் சேர்ப்பதா என்று இப்போது மாணவர்களே கேட்டு, முடிவைக் காரணத்துடன் குறிப்பேட்டில் எழுதிவிட்டே அடுத்த சீட்டை எடுக்கிறார்கள்.