பாலக்காட்டுக்கு வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு: கேரளப் பதிவு கையில் வராமல் டியூட்டியில் ஏறாதீர்கள்

நர்சிங் ரிசல்ட் வந்தால் போதும், பாலக்காட்டில் நர்ஸாக இருக்கும் எனக்குப் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்திலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, வாளையாறு தாண்டி கேரளா வந்தா நர்ஸுக்கு மாசம் இருபதாயிரமாமே, வந்துடட்டுமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இருபதாயிரம் என்பது உண்மைதான். 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு வெளியிட்டது. ஸ்டாஃப் நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளமே 20,000. படுக்கை எண்ணிக்கை கூடக் கூட அதற்கு மேல் ஒரு தொகை, பெரிய மருத்துவமனையானால் 10,000 வரை. அதற்கு முந்தைய வருஷம் நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்து, தெருவில் உட்கார்ந்து வாங்கிய சம்பளம் அது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். நம் பக்கத்தில் அப்படி ஒன்றாக நிற்காததால்தான் கோவையில் என்னோடு படித்தவர்கள் பலர் இதைவிட எவ்வளவோ குறைவாகத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த அறிவிப்பு ஸ்டாஃப் நர்ஸுக்கு. கேரளத்தில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்க கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். சென்னையில் வாங்கிய தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் வாளையாறுக்கு இந்தப் பக்கம் போதாது. ஆந்திரப் பக்கம் சித்தூர், திருப்பதி போகிற வேலூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அங்கே அந்த மாநில கவுன்சில்.

வேலை இவ்வளவுதான்: தமிழ்நாடு கவுன்சிலில் என்ஓசிக்கு, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற சான்றிதழுக்கு, விண்ணப்பிக்க வேண்டும், அது வந்ததும் கேரள கவுன்சிலில் மார்க் ஷீட், கோர்ஸ் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் சேர்ந்த வருஷத்தில் உங்கள் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருந்ததா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இனிஷியல். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்தோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் அதையே விரித்து எழுதியிருப்பார்கள், மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துதான் இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி. இதை ஊரில் இருக்கும்போதே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். வெளிநாட்டுக்குக் காகிதம் போகும் நாளில் இந்த ஒரு எழுத்து உயிரை எடுக்கும்.

இனி, நான் இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஜூனியர் ஒரு பெண், உடுமலைக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி. படிப்பு முடிந்ததும் பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்டர்வியூ. என்ஓசி இன்னும் வரவில்லை என்று அவள் சொன்னாள். "அது வர்ற வரைக்கும் வீட்டுல சும்மா எதுக்கு இருக்கணும்? நாளைக்கே சேர்ந்துடு. ரெஜிஸ்ட்ரேஷனை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஹெச்ஆரில் சொன்னார்கள். இனிக்க இனிக்கத் தமிழிலேயே பேசினார்கள். அசல் சான்றிதழ்களை "சரிபார்க்க" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒன்பதாயிரம், அதில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம்.

வேலையில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. முழு ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டி. நைட்டில் வார்டைத் தனியாகப் பார்ப்பாள். மருந்து கொடுப்பாள், டிரிப் மாற்றுவாள், நர்ஸஸ் நோட்ஸும் அவளே எழுதுவாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பதிவு எண் போடும் இடத்தில் இன்சார்ஜ் சிஸ்டரின் எண்ணைப் போடச் சொல்லியிருந்தார்கள். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு ஒரு ஊசி மாறிப்போயிருந்தால் அவளுக்காக யார் வந்து நின்றிருப்பார்கள்? அந்த மாநிலத்தில் பதிவே இல்லாத பெண் என்று ஒரே வரியில் கை கழுவியிருப்பார்கள்.

விண்ணப்பம் எங்கே என்று கேட்டால் "திருவனந்தபுரத்தில் இருக்கிறது" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் அவளுடைய அண்ணன் நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது, விண்ணப்பம் மருத்துவமனை அலுவலக அலமாரியை விட்டு நகரவே இல்லை. சான்றிதழ்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவளே விண்ணப்பித்துப் பதிவு வாங்கினாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வளைகுடாவுக்கு முயற்சி செய்தாள். அங்கே பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள், நம் காகிதங்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள். மருத்துவமனை கொடுத்த அனுபவச் சான்றிதழை நானே பார்த்தேன். நல்ல தடித்த லெட்டர்ஹெட், சீல், எல்லாம் பளிச். சேர்ந்த தேதி சரி, விட்ட தேதி சரி. நடுவில் பதவி என்ற இடத்தில் 'நர்சிங் ட்ரெயினி'. பதிவுச் சான்றிதழில் இருந்த தேதியோ அவள் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து. பதிவுக்கு முந்தைய மாதங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை நைட் டியூட்டியும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்த ஒரு வருஷத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் சொல்கிறேன். கேரளப் பதிவு வரும்வரை கோவையிலோ பொள்ளாச்சியிலோ வேலை பாருங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் அங்கே உங்கள் பதிவு செல்லும், வேலை நியமன ஆர்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்கும், அந்த மாதங்கள் அனுபவத்தில் ஏறும். கேரளத்தில் ஒன்பதாயிரத்துக்கு ட்ரெயினியாக இருப்பதைவிட ஊரில் பன்னிரண்டாயிரத்துக்கு ஸ்டாஃப் நர்ஸாக இருப்பது எந்தக் கணக்கிலும் மேல். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு எடுத்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். ஆர்டரில் பதவியும் அடிப்படைச் சம்பளமும் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளம் குறைத்துக் கொடுத்தால் மாவட்ட லேபர் ஆபீஸில் புகார் கொடுக்கலாம். கேரளத்தில் நர்ஸுகளுக்குச் சங்கமும் இருக்கிறது, தயங்காமல் போய்ப் பேசுங்கள்.

சரி, பதிவோடு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெறும் இருபதாயிரம் என்றால் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 150 போக 18,050 கைக்கு வரும். சில இடங்களில் முழு அடிப்படைக்கும் பிஎஃப் பிடிப்பார்கள், அப்போது 2,400 போகும். அது உங்கள் பணம்தான், கவலை வேண்டாம். செலவுதான் ஊர் மாதிரி இருக்காது. ஊரில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. இங்கே பஸ்ஸில் ஏறினாலே பத்து ரூபாய். மில்மா பால் ஆவினைவிட விலை அதிகம். நம் வீட்டுப் பொன்னி அரிசியே வேண்டும் என்றால் அதற்கும் தனியாகச் செலவு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு சிப்பம் தூக்கிக்கொண்டுதான் வருவேன், கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசி எனக்குக் கடைசி வரை இறங்கவில்லை. ஹாஸ்டலில் இருக்கும் தனி ஆளுக்கு நிச்சயம் மிச்சம் பிடிக்கும். குடும்பத்தோடு வருபவர்கள் பாலக்காடு டவுனைவிடக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு பாருங்கள். கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் எல்லாம் தமிழ்தான், பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் பள்ளியும் உண்டு.

கோவையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகலாமே என்று கேட்பார்கள். ஆபீஸ் வேலைக்குச் சரி. காலை டியூட்டிக்கு நம்ப வேண்டாம். கஞ்சிக்கோடு, வாளையாறு காட்டில் யானைக்காக வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள். நைட் முடித்து உங்களுக்காகக் காத்திருக்கும் சிஸ்டருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய கொடுமை.

மொழிக்குப் பயப்படாதீர்கள். சார்ட் எல்லாம் ஆங்கிலம். டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் மட்டும் மலையாளத்தில் நடக்கும், காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் சில மாதத்தில் பிடிபட்டுவிடும். அட்டப்பாடி மலையிலிருந்தும் இந்தப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்தும் வரும் வயசானவர்கள் தமிழ் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிடுவார்கள். போன மாதம் ஒரு பாட்டி, வேறு யார் கையாலும் மாத்திரை வாங்கமாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பொங்கலுக்கு இந்த மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் வார்டுக்கு ஏது விடுமுறை? அன்றைக்கு எனக்கு அம்மா வைக்கும் பொங்கல் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். அந்தப் பாட்டி மாதிரி யாராவது "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டால் கொஞ்சம் தேறும்.

இங்கேயே கடைசி வரை இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எய்ம்ஸ் நர்சிங் ஆபிசர் தேர்வுக்கு மொழியும் மாநிலமும் தடை இல்லை, அடிப்படைச் சம்பளமே 44,900; டியூட்டிக்கு நடுவிலும் அதற்குப் படியுங்கள். வெளிநாடு என்றால் நம் தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது, கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனி வரைக்கும் ஆள் அனுப்புகிறது. தனியார் ஏஜென்ட்டிடம்தான் போவேன் என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேச்சு எடுத்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.