அந்த ஓட்டை ஒரு வரி வசனத்தில் அடைபடுமா?

நான் ஏழு வருடம் உதவி இயக்குநராக இருந்தவன். படப்பிடிப்பில் என் பொறுப்பு கன்டின்யூட்டி. முந்தின ஷாட்டில் சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது, டீ கிளாஸ் எந்தக் கையில் இருந்தது, கட்டுப் போட்டது இடது கையிலா வலது கையிலா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவதுதான் வேலை. சினிமாவை விட்டு வந்தும் அந்த நோட்டுப் பழக்கம் போகவில்லை. நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டு "லாஜிக்கே இல்லை" என்று ஒரே வார்த்தையில் யாராவது முடித்துவிட்டால் எனக்கு மனசு தாங்காது. கதையில் லாஜிக் ஓட்டை இருக்கலாம். ஆனால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அதனால் கதையில் எது சாய்கிறது என்று சொல்ல வேண்டும் இல்லையா? அதற்கு நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். உதாரணங்களுக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போன படங்களையே பெரும்பாலும் எடுத்திருக்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதனால் பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதல் தடவை பார்க்கும்போது நோட்டை எடுக்காதீர்கள். கதை உங்களை இழுத்துக்கொண்டு போகட்டும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும் நேரத்தில் "ஆமாம், அவள் எப்படி அங்கே வந்தாள்?" என்று ஒன்று உறுத்தும். அதை மட்டும் கேள்வியாக எழுதி வையுங்கள். இயக்குநர் ஹிட்ச்காக் இப்படிப்பட்டவற்றை ஐஸ்பெட்டிக் காட்சி என்று சொல்வார். படம் முடிந்து வீட்டுக்குப் போய், ஐஸ்பெட்டியைத் திறந்து கோழிக்கறியை எடுக்கும்போதுதான் மண்டையில் தட்டும் என்பது அவர் கணக்கு. அரங்கில் இருக்கும்வரை உறுத்தாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

கேள்வியை எழுதியதும் அது எந்த ஜாதி என்று பாருங்கள். பாதிக்குப் பாதி இங்கேயே கழிந்துவிடும். 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் ரஷ்மோர் மலை உணவகத்தில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பின்னால் இருக்கும் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொள்வான். ஒத்திகையில் சத்தம் கேட்டுப் பழகிய பிள்ளையாக இருக்கும். அது படப்பிடிப்புத் தவறு, கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து, தகவல் பிழை. கிரிக்கெட் ஆட்டத்தை வைத்து எடுத்த 'லகான்' கதை நடப்பது 1893-இல். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓவருக்கு 5 பந்துதான். 1900-இல்தான் 6 ஆனது. எல்லைக்கோட்டைத் தாண்டினாலே 6 ஓட்டம் என்பதும் 1910 வாக்கில் வந்தது, அதற்கு முன் மைதானத்தையே தாண்ட வேண்டும். நாயகன் புவன் அடிக்கும் கடைசி 6-இல் ஒரு மாகாணத்தின் வரியே அடங்கியிருப்பதால் இது பெரிய ஓட்டை மாதிரித் தெரியும். ஆனால் படம் தனக்கென்று வைத்துக்கொண்ட ஆட்ட விதியை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை மீறவில்லை. சரித்திரம் தவறு, கதை சரி. 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தில் சிறையிலிருந்து தப்பும் ஆண்டி ஊர்ந்துபோன சாக்கடைக் குழாய் 500 கெஜம், அரை மைலுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்பார் அவன் சிறை நண்பர் ரெட். அரை மைல் என்றால் 880 கெஜம். கணக்குத் தப்பு, ஆனால் அது ரெட் போட்ட கணக்கு. ஒரு பாத்திரம் தப்பாகப் பேசுவது, முட்டாள்தனமாக நடந்துகொள்வது, அதிர்ஷ்டத்தை நம்பி இறங்குவது எதுவும் ஓட்டை ஆகாது. மனிதர்கள் அப்படித்தான்.

மிச்சம் இருக்கும் கேள்விகளோடு படத்தை இரண்டாம் தடவை பாருங்கள். இப்போது நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். கடைசி நிமிடம் வரை பாருங்கள், இதில் நான் பிடிவாதக்காரன். 'சிட்டிசன் கேன்' (1941) மேல் பல வருடமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. நாயகன் கேன் 'ரோஸ்பட்' என்று சொல்லிச் சாகும்போது அறையில் யாரும் இல்லை, கண்ணாடி உருண்டை விழுந்து உடைந்த பிறகுதான் நர்ஸ் உள்ளே வருகிறாள், அப்புறம் அந்தச் சொல் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? நானும் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படத்தின் கடைசிப் பகுதியில் வீட்டு நிர்வாகி ரேமண்ட், தன் காதால் கேட்டதாகத் தெளிவாகச் சொல்கிறார். அவர் அறையில் எங்கே நின்றார் என்று காட்டவில்லை, அவ்வளவுதான். 9 ஆஸ்கர் பரிந்துரை பெற்று, திரைக்கதைக்காக மட்டும் ஒன்றை வென்ற படம் அது. அந்தத் திரைக்கதை மேல் இப்படி ஒரு பழியைப் போடுவதற்கு முன் நான் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

இனி என் முக்கியமான சோதனை. இதை எடிட் டேபிளில் கற்றுக்கொண்டேன்.

நான் வேலை செய்த ஒரு படத்தில் நீளம் அதிகம் என்று இரண்டாம் பாதியில் பதினோரு நிமிடத்தைத் தூக்கினார்கள். ஹீரோவின் அம்மா, ஒரு பெண்ணிடம் வீட்டு முகவரியைக் கொடுக்கும் காட்சி அதில் போய்விட்டது. விளைவு, அவள் அதுவரை கேள்விப்படாத ஒரு வீட்டின் கதவை நேராக வந்து தட்டுகிறாள். நான் நோட்டைக் காட்டிச் சொன்னதும் எடிட்டர் ரீலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே நுழையும்போது அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஷாட் ஒன்று இருந்தது. வாய் தெரியாது. டப்பிங்கில் அந்த முதுகின் மேல் "உங்க அம்மாதான் அட்ரஸ் கொடுத்தாங்க" என்று ஒரு வரி போட்டோம். ஓட்டை அடைபட்டது, யாரும் கேட்கவில்லை. பெரிய படங்களுக்கும் இதே கதிதான். 'தி பிக் ஸ்லீப்' (1946) படத்தில் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று இன்றும் கேட்கிறார்கள். முதலில் முடித்து வைத்த வடிவத்தில் வழக்கை விளக்கும் ஒரு காட்சி இருந்தது. போகார்ட், பக்கால் நட்சத்திர ஜோடிக்கு இடம் தருவதற்காக அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கார் ஓட்டுநர் விஷயம் மூலக் கதையை எழுதிய சாண்ட்லருக்கே தெரியவில்லை என்பது தனிக் கதை.

அதனால் உங்கள் கேள்விக்கு நேரே, முதுகு காட்டி நிற்கும் யாரோ ஒருவர் சொல்வதாக ஒரே ஒரு வரி வசனம் எழுதிப் பாருங்கள். அந்த வரியில் அடைபட்டுவிட்டால் அது ஓட்டை இல்லை, சொல்லாமல் விட்டது. புதிதாக ஒரு காட்சியே வேண்டுமென்றால் விஷயம் கொஞ்சம் பெரியது. எதை எழுதினாலும் கதையின் வேறொரு இடம் கிழிகிறது என்றால்தான் அது உண்மையான ஓட்டை.

ஷாஷாங்க் போஸ்டரை இதில் வைத்துப் பாருங்கள். ஆண்டி சிறைச் சுவரில் தோண்டிய சுரங்கத்தை ஒரு போஸ்டரால் மறைத்திருந்தான். அவன் அதற்குள் போன பிறகு போஸ்டரை மறுபடி யார் ஒட்டினார்கள்? "மேல் விளிம்பு மட்டும் ஒட்டியிருந்தது, கீழே தொங்கிற்று" என்று ஒரு வரி போடலாம். அதைச் சோதிக்க என் வீட்டில் ஒரு பழைய போஸ்டரை வாசல் நிலையில் மேல் விளிம்பை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டேன். உள்ளே குனிந்து போவது சுலபம், போஸ்டர் தானாக வந்து மூடிக்கொண்டது. ஆனால் கூழாங்கல்லை எறிந்தால் காகிதம் பின்னால் ஒதுங்கிக் கல் கீழே விழுந்தது. படத்தில் வார்டன் எறியும் கல் போஸ்டரைத் துளைத்துக்கொண்டு போகிறது. நாலு பக்கமும் இறுக்கமாக இருந்தால்தான் அப்படித் துளைக்கும். ஆக, ஆண்டி வெளியேறியதை அந்த வரி காப்பாற்றுகிறது, கல் துளைத்ததைக் காப்பாற்றவில்லை. சின்ன ஓட்டைதான், ஆனால் நிஜமானது. 7 பரிந்துரை பெற்ற படம் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்.

இதைவிடப் பெரியது 'டாய் ஸ்டோரி' (1995) படத்தில் இருக்கிறது. அசல் திரைக்கதைப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம். பஸ் என்ற பொம்மை தன்னை நிஜ விண்வெளி வீரன் என்றே நம்புகிறது, டிவி விளம்பரத்தைப் பார்க்கும்வரை. அப்படி இருக்க, ஆண்டி என்ற அந்தப் பையன் அறைக்குள் வரும்போது பஸ் ஏன் மற்ற பொம்மைகள் போல விறைத்துக் கிடக்கிறது? "பொம்மைகளுக்கு அது தானாக நடக்கும்" என்று வரி எழுதினால் அடைபடாதா? அடைபடாது. கடைசியில் பொம்மைகள், பக்கத்து வீட்டுப் பையன் சித் முன்னால் வேண்டுமென்றே எழுந்து நடந்து அவனைப் பயமுறுத்துகின்றன. தானாக விறைத்துப் போகிறவர்கள் என்றால் அந்தக் காட்சி போய்விடும். இங்கே ஒட்டுப் போட்டால் அங்கே கிழிகிறது. நான் பார்த்ததில் மிகச் சுத்தமான ஓட்டை இதுதான்.

ஒரு வரியில் அடைத்திருக்கக்கூடிய இடத்தை இயக்குநர் தெரிந்தே விட்டுவைப்பதும் உண்டு. 'வெர்டிகோ' (1958) அப்படி. தொடக்கத்தில் நாயகன் ஸ்காட்டி மாடியின் தகர விளிம்பில் தொங்குகிறான். எப்படி இறங்கினான் என்று படம் சொல்வதே இல்லை. மெக்கிட்ரிக் ஹோட்டல் ஜன்னலில் அவன் கண்ணால் பார்த்த பெண் இன்றைக்கு வரவே இல்லை என்கிறார் ஹோட்டலை நடத்தும் அம்மா. அவளும் மாயம், காரும் மாயம். ஹிட்ச்காக் தன் ஐஸ்பெட்டிப் பேச்சைச் சொன்னது இந்த இடத்தைப் பற்றித்தான். பிற்பாடு, ஜன்னலில் தெரிந்த அந்தப் பெண்ணான ஜூடி சதியை விளக்கிக் கடிதம் எழுதும்போது "அந்த அம்மாவுக்கும் பணம் கொடுத்திருந்தோம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நானும் அந்தக் கடிதத்தில் அதைச் சேர்த்து வாசித்துப் பார்த்தேன். அவள் அங்கே தன் காதலை ஒப்புக்கொண்டு எழுதுகிறாள். நடுவில் அந்த வரி மளிகைக் கடைச் சீட்டு மாதிரி விழுந்தது. அடித்துவிட்டேன். வெளியானபோது 2 பரிந்துரை மட்டும் பெற்ற இந்தப் படம், 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தாண்டி முதலிடம் பிடித்தது.

கண்டுபிடித்ததை மற்றவர்களிடம் சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: படம் தானாக வைத்த விதி என்ன, அது எந்தக் காட்சியில் மீறப்படுகிறது, நீங்கள் முயன்று பார்த்த ஒரு வரி வசனம் எது. அந்த மூன்றாவதைக் கட்டாயம் எழுதுங்கள். உங்களைவிட நல்ல வரி வைத்திருப்பவர் யாராவது அதைப் பார்த்துவிட்டு வருவார். ரேமண்டைப் பற்றி எனக்கும் அப்படி ஒருவர்தான் சொன்னார், ஒரு டீக்கடை பெஞ்சில்.