நியாயமான நிதியுதவி கோரும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதியுதவிக் கொள்கையில் மாற்றம் வேண்டி கொழும்பில் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடிந்துவிடுகின்றன. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பர்சரி எனப்படும் உதவித்தொகை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. வெள்ளவத்தையில் போர்டிங் அறைக்கு வாடகை கொடுப்பவருக்கு இது போதாது என்பது உண்மையே. ஆயினும் தொகை உயர்வால் பயன்பெறுபவர் ஏற்கெனவே தெரிவுப் பட்டியலில் இருப்பவர் மட்டுமே. பட்டியலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி ஒரு வரியும் எழுதாத மனு, நியாயத்தைக் கேட்கும் மனு ஆகாது.

யார் வெளியே நிற்கிறார் என்பதைப் பெரும்பாலும் வருமானச் சான்றே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் சம்பளம் சிட்டையில் சதம் பிசகாமல் இருக்கும். அவர் கட்டும் வீட்டுக் கடனும், பிள்ளை கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவும் அந்தச் சிட்டையில் தெரியா. சொந்தக் கடை நடத்துபவரின் வருமானமோ கிராம உத்தியோகத்தரின் மதிப்பீட்டையே நம்பியிருக்கிறது. இந்த இடத்தில்தான் மாணவர் குழுக்கள் அடிக்கடி வழுக்கி விழுகின்றன: விதியை விமர்சிப்பதை விட்டு, பொய்ச் சான்று கொடுத்ததாகச் சக மாணவர்களைக் குற்றஞ்சாட்டத் தொடங்குகின்றன. அதன்பின் கோரிக்கை மறக்கப்பட்டு, சண்டை மட்டுமே மிஞ்சும். அதைவிட, வருமானத்தைக் கணக்கிடும்போது எவற்றைக் கழிக்க வேண்டும், விண்ணப்பித்த பின் தந்தை இறந்தாலோ வேலை இழந்தாலோ மறுபரிசீலனைக்கு யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில் தரப்பட வேண்டும் என்பவற்றை, அப்படியே விதியாக ஏற்கத்தக்க வாசகங்களாக எழுதிக் கொடுப்பது பயன்தரும்.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் துணைவேந்தரின் வாசலில் பதாகை பிடிப்பது. மகாபொல நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால், அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் உருவானது. மாணவர் தெரிவும் கொடுப்பனவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோடு தொடர்புடையவை. கொடுப்பனவில் அரசின் பங்குக்குத் திறைசேரி பணம் விடுவிக்க வேண்டும். தவணை தாமதமாகும்போது பணம் எந்தக் கட்டத்தில் தேங்கியது என்று அறியாமல் பல்கலைக்கழக நிர்வாகத்தைத் திட்டினால், நிர்வாகம் ‘எங்கள் கையில் ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகச் சொல்லிவிடும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும்.

தேங்கிய இடத்தைக் கண்டறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லாமலேயே, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தர முடியுமா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆனால் ‘எங்களுக்கு ஏன் இந்த அநீதி?’ என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ‘கடந்த கல்வியாண்டின் ஒவ்வொரு மகாபொலத் தவணையும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு எந்தத் திகதியில் வந்தது, மாணவர் கணக்குகளுக்கு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது?’ என்று கேட்டால், தாமதத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பதை இரண்டு திகதிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியே காட்டிக் கொடுக்கும்.

வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதும் தவறே. உருக்கமான கதை ஒன்று முகநூலில் பரவும். ஆனால் பெயரும் படமும் வெளியான மாணவி, மூன்று ஆண்டுகள் அதே விரிவுரை மண்டபத்துக்குள் நுழைய வேண்டியவள். அடையாளங்களை நீக்கிய விவரங்களும், உரியவரின் எழுத்துமூலச் சம்மதமும் போதும். தமிழ் மாணவர்கள் தனி மனு கொடுப்பதும், சிங்களத்தில் எழுதி முடிந்த மனுவில் கடைசி நேரத்தில் கையொப்பம் மட்டும் இடுவதும் ஒரே அளவு பலவீனமானவை. மலையகத்திலும் வன்னியிலும் இருந்து வருபவரின் பயணச் செலவு, ஹம்பாந்தோட்டையிலிருந்து வருபவருக்கும் பொருந்தும் வாதமாக முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டும்.

காலத்தைத் தவறவிடுவதை எவரும் தவறாகவே எண்ணுவதில்லை. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அமைச்சுகள் மதிப்பீடுகளைத் தயாரிப்பது அதற்குச் சில மாதங்கள் முன்பே. ஒக்டோபர் இறுதியில் ஊர்வலம் போனால் படங்கள் நன்றாக வரும், எண்கள் மாறா. மேலும், மனுவை முன்னின்று எழுதியவர்கள் இறுதியாண்டுப் பரீட்சையோடு போய்விடுவார்கள். கையளித்த மனுவின் பிரதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, சந்திப்பில் அதிகாரி சொன்னதை அன்றே எழுதி அவருக்கு அனுப்பிய கடிதம், தகவல் விண்ணப்பத்தின் பதில் ஆகியவை ஒருவரின் கைபேசியில் கிடக்காமல், மாணவர் ஒன்றியத்தின் கோப்பில் இருந்து, அடுத்த அணியிடம் கையொப்பத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும்.